காரைப் பொட்டலுக்கு வேன் ஏறும் முன்



காணும் பொங்கல் முடிந்து வரும் சனி, ஞாயிறில் குடும்பத்தோடு வேன் பிடித்து எங்காவது போய் வரலாம் என்று நம் எட்டாம் வகுப்பு செட்டு முடிவு செய்திருக்கிறது. இடம் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்லாமல் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்றேன். உடனே இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று: "டீச்சர், போட்டோ பார்த்தோம். வெறும் பொட்டலா இருக்கே, அங்க என்ன இருக்கு?" இரண்டு: "பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு சங்குக்கல் பொறுக்கிட்டு வரலாமா டீச்சர்?"

இரண்டுக்கும் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் பரீட்சை எதுவும் இல்லை.

முதலில் காரை என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் தாண்டி, பாடாலூர் பக்கம் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம் என்று கிராமங்கள் வரும். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையில் திடீரென்று நிலம் மாறும். மரம் இல்லை, பயிர் இல்லை. துருப்பிடித்த சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் நிறமாகக் களிமண் மேடுகள். அவற்றை மழைத்தண்ணீர் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான ஓடைகளாகவும் குட்டிப் பள்ளத்தாக்குகளாகவும் அறுத்து வைத்திருக்கிறது. என் பேரன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆயா, இது பாலைவனமா?" என்று கேட்டான். பாலைவனம் இல்லை. நமக்குப் பெய்கிற அதே ஐப்பசி, கார்த்திகை மழைதான் அங்கும் பெய்கிறது. மண்தான் வேறு. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடித்து உதிரும். ஜிப்சம் படிந்த அந்தக் களிமண்ணில் வேர் பிடித்து நிற்பது செடிகளுக்குப் பெரும்பாடு. வேர் இல்லாததால் மழை மண்ணை அரிக்கிறது, மண் அரிப்பதால் வேர் பிடிக்க வழியில்லாமல் போகிறது.

அந்த மண் வேறாக இருப்பதற்குக் காரணம், அது கடலின் அடிமண் என்பதுதான்.

ஆமாம், கடல். இன்றைய கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற இடம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் இருந்தது. அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தெற்கே அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லாம் சேர்ந்திருந்த கோண்டுவானா என்ற பெருநிலத்திலிருந்து பிரிந்து, மெல்ல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவிடமிருந்து விலகியபோது உண்டான பள்ளத்தில் கடல் புகுந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்தன. இன்று அந்த அடுக்குகள் அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் தரைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு மழையும் காரையில் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறது.

கோடி ஆண்டு என்றால் மனதில் பதியாது. வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். அந்த 10 கோடி ஆண்டுகளை ஒரே ஆண்டாகச் சுருக்குங்கள். ஜனவரி 1 அன்று காரையில் கடல் இருக்கிறது. மே மாதம் முதல் வாரத்தில் டைனோசர்களும் அந்தக் கடலின் அம்மோனைட்டுகளும் அழிந்துவிடுகின்றன. மனித இனம் டிசம்பர் 30 இரவில்தான் வருகிறது. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரம் கட்டியது ஆண்டு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது. நான் சாக்பீஸ் பிடித்த 35 ஆண்டுகள் வெறும் 11 நொடி!

அம்மோனைட் என்றால் என்ன? நத்தைபோலச் சுருண்ட ஓடு கொண்ட கடல் உயிரி. கணவாய்க்கு உறவு. நம் உறவுகளில் சிலர் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருக்கிறதல்லவா? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிவது ஓர் அம்மோனைட்தான். காரையில் கிடப்பது அதற்குத் தூரத்துச் சொந்தம். துப்பாக்கித் தோட்டாபோல நீளமாக, கூராகக் கிடப்பவை பெலம்னைட்டுகள். அவையும் கணவாய் வகைதான்.

இனி, இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாறு.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கற்கள் எப்போதும் தெரியும். திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் பெரும் உருளைகளாகக் கிடக்கின்றன. அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று அங்கே ஒரு கதை உண்டு. அம்மன் அசுரகுலத்தை அழித்த ஊர், வக்கிரகாளி அம்மன் கோயில் இருக்கிற ஊர். எலும்பு மாதிரி இருக்கிறது, ஆனால் எந்த விலங்கின் எலும்பும் இவ்வளவு பெரிதில்லை, ஆகவே அசுரனுடையது. கதையைக் கேட்டுச் சிரிக்கவேண்டாம். கண்ணால் பார்த்ததற்கு ஒரு விளக்கம் வேண்டும் என்று மனிதர்கள் யோசித்ததன் அடையாளம் அது. 1781இல் சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்த மரங்களைப் பற்றி எழுதினார். ஐரோப்பியர் எழுத்தில் அதுதான் முதல் பதிவு என்கிறார்கள்.

அடுத்து 1840களில், சென்னை மாகாணத்தில் அரசு ஊழியராக இருந்த கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சங்கு, சிப்பிக் கற்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். ஓர் அம்மோனைட்டுக்குக் கேயின் பெயரையே சூட்டினார். அந்த இடங்களைக் காட்டிக்கொடுத்த நம்மூர் ஆடு மேய்ப்பவருக்கோ வண்டிக்காரருக்கோ அப்படிப் பெயர் நிலைக்கவில்லை. வரலாறு படிக்கும்போது இப்படி விடுபட்ட பெயர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். 1857 முதல் சில ஆண்டுகள் இந்தப் பகுதியை அளந்து, பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாக மூன்றாகப் பிரித்தார். ஊட்டத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு. இன்றும் உலகம் முழுக்கப் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்கள். ஊட்டத்தூர் என்ற சின்ன ஊரின் பெயரை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் உள்ள பேராசிரியர்கள் உச்சரிக்கிறார்கள் என்றால் பாருங்கள்! இதே பிளான்ஃபோர்ட்தான் 1875இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். மழை அரித்த மண்ணைப் படித்தவர், பிறகு மழையையே படித்தார்.

இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே பழைய நிலத்தொடர்பு இருந்தது என்ற பேச்சு நம் நாட்டில் பரவியதில் இவருக்கும் பங்கு உண்டு. "அப்போ அது குமரிக்கண்டம்தானே டீச்சர்?" என்று கமெண்டில் கேட்கப்போகிறீர்கள், தெரியும். நிலங்கள் ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் இடையில் இருந்த கண்டம் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்ந்து விலகின. அது நடந்தபோது தமிழரும் இல்லை, மனிதரே இல்லை. நம் மொழியின் பெருமைக்கு இந்தக் கடல் சாட்சி சொல்லவேண்டிய அவசியம் இல்லை. சங்க இலக்கியமும் கல்வெட்டுகளும் போதும்.

பிளான்ஃபோர்ட் அடுக்கைப் பிரித்தார். அடுக்குக்குள் இருந்த உயிர்களை ஒவ்வொன்றாக வரைந்து, பெயரிட்டு, தடித்தடியாக நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். 1862இல் கல்கத்தா வந்தார். பத்தாண்டுக்கு மேல் உழைத்து 1873இல் அந்தப் பணியை முடித்தார். மறு ஆண்டே, மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரமான மலைப்பாதையில் உடல்நலம் கெட்டு இறந்துபோனார். வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தென்னிந்தியச் சங்குகளை ஆராய்கிற எவரும் இன்றும் அவர் நூலைத் திறக்காமல் இருக்க முடியாது.

நம்மவர் ஒருவரையும் சொல்லவேண்டும். தஞ்சைப் பகுதியில் 1898இல் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன். புவியியல் ஆய்வுத் துறைக்கு 1951இல் முதல் இந்தியத் தலைவரானவர். இவர் 1940இல் சாத்தனூரில் ஓர் ஓடைக்கரையில் கல்மரத்தைக் கண்டறிந்து பதிவு செய்தார். 18 மீட்டர் நீளம்!  பல இடங்களில் அதற்கு 12 கோடி ஆண்டு என்று எழுதியிருக்கும். அது கிடக்கும் திருச்சிராப்பள்ளி அடுக்குக்கு இப்போது சுமார் 9 கோடி ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். பூக்கும் மரங்கள் உலகை நிறைப்பதற்கு முந்தைய ஊசியிலை மர வகை. ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலோரச் சேற்றில் புதைந்தது. காற்று புகாததால் மட்கவில்லை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, மரம் இருந்த இடத்தில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. வடிவம் மரம், பொருள் கல். பக்கத்து ஊர்களான வரகூர், ஆனைப்பாடி ஓடைகளிலும் சிறிய துண்டுகள் உண்டு.

இவ்வளவும் கண்டுபிடித்த கதை. இழந்த கதையும் இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

அரியலூர் அடுக்கின் மேல்பகுதியில் கல்லமேடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே டைனோசர் எலும்புகள் கிடைப்பதை மேட்லி என்ற ஆங்கிலேயர் 1929இல் எழுதினார். பின்னர் 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அதே வட்டாரத்தில் மிகப்பெரிய எலும்புகளைக் கண்டார்கள். கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். நம் வகுப்பறைக் கதவின் உயரம்! "பெரிய உடல் கொண்ட பல்லி" என்ற பொருளில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஏன் தெரியுமா? அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி நொறுங்கும் நிலையில் இருந்தவை, பிளாஸ்டர் கட்டு போட்டும் தாங்காமல் உதிர்ந்துபோயின. மிச்சம் இருப்பது சில வரைபடங்களும் புகைப்படங்களும்தான். அந்தப் பழைய புகைப்படங்கள் 2022இல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஏழு கோடி ஆண்டுக்கு அருகில் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, நம் கண்ணில் பட்ட சில காலத்திலேயே போய்விட்டது.

இரண்டாவது இழப்பு நாம் தினமும் பார்ப்பது. அரியலூர் என்றாலே சிமெண்ட். 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. அந்த ஊரின் பழைய பெயர் கல்லக்குடி. 1953 ஜூலையில் அந்தப் பெயரை மீட்கத் தண்டவாளத்தில் படுத்த போராட்டத்தை உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். ரயில் எந்த ஊர்ப்பெயரில் நிற்கிறது என்று சண்டை நடந்த அந்த மண்ணுக்கடியில் இருப்பது பவளப்பாறை. 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் பவளமும் பாசியும் கட்டிய திட்டுதான் கல்லக்குடிச் சுண்ணக்கல். அதை வெட்டி, களிமண்ணோடு சேர்த்து சுமார் 1450 டிகிரி சூட்டில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் போட்டு அரைத்தால் சிமெண்ட். அரியலூர் வட்டாரத்தின் மற்ற ஆலைகளும் அந்தப் பழைய கடலின் சுண்ணக்கல்லைத்தான் வெட்டுகின்றன.

நான் சுரங்கத்துக்கு எதிரி இல்லை. என் வீடும் சிமெண்டில்தான் நிற்கிறது. சுரங்கம் வெட்டியதால்தான் பல புதைபடிவங்கள் வெளியே தெரிந்தன என்பதும் உண்மை. ஆனால் வெட்டும்போது பார்க்க ஓர் ஆள் இருந்தால் அது ஆராய்ச்சி. ஆள் இல்லாவிட்டால் அது வெறும் ஜல்லி.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். பெரம்பலூர்வரை போகாமலே சொல்கிறேன்.

ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தவர் என்று ஒரு மார்க் கேள்வி வரும். அதே ஃபுட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள நம் பகுதியின் பாறைகளை ஆராய்ந்து 1873இல் ஒரு நூல் எழுதினார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் தட்டுத் தட்டாக உரியும் வெளிர் நிறக் களிப்பாறை இருப்பதையும், அதில் இலைகளின் அச்சும் கடல் சிப்பிகளின் அச்சும் இருப்பதையும் பதிவு செய்தார். அந்த இலைகளை ஆட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் என்பவர் ஆராய்ந்து 1879இல் படங்களோடு வெளியிட்டார். பெரணி வகைகள், ஊசியிலை மரங்கள், நாம் பங்களா வாசலில் வைக்கிற சைகஸ் செடிபோன்ற இலைகள். டைனோசர் காலத்து இலைகள். காரையைவிடப் பழையவை. உலகப் புவியியல் நூல்களில் ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு என்று தனிப் பெயரே உண்டு. கார் கம்பெனி, செல்போன் கம்பெனி எல்லாம் வருவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே நம் வட்டாரத்தை உலகம் அறிந்தது ஓர் இலையால்.

பழைய மாணவர்களில் சிலருக்கு ஒன்று நினைவிருக்கும். கிணறு வெட்டும் தொழில் செய்த ஓர் அப்பா, முப்பது அடிக்குக் கீழே கிடைத்தது என்று ஒரு பலகைக் கல்லை மகனிடம் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு கீற்று, நரம்பு நரம்பாக, பென்சிலால் வரைந்ததுபோல இருந்தது. அந்த வாரம் முழுக்க அறிவியல் வகுப்பு, வரலாறு வகுப்பு எல்லாமே அந்தக் கல்தான். ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு பள்ளியில் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது பீரோவைக் காலி செய்தவர்கள் உடைந்த ஓட்டோடு ஓடாக அதையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். போனால் போகிறது, இன்னொன்று எடுக்கலாம் என்றால் அந்தக் கிணறு இல்லை. அந்தக் கழனி முழுக்க இப்போது கிடங்கு, கான்கிரீட் தரை. அரியலூரில் ஒரு கடலைத் தோண்டிச் சிமெண்டாக்கி, இங்கே இன்னொரு பழைய கரையின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். கம்பெனி வந்ததால் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் எதன் மேல் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கவேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆளுக்கொரு கல் பொறுக்கலாமா?

கூடாது.

காரணம் சொல்கிறேன். ஒரு புதைபடிவத்தின் மதிப்பு பாதி கல்லில், பாதி அது கிடந்த இடத்தில். எந்த அடுக்கு, எதற்கு மேல், எதற்குக் கீழ், பக்கத்தில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதையும் அந்தக் கடலின் ஆழத்தையும் சொல்கிறார்கள். நம் வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது ஒரு அழகான கல். அவ்வளவுதான். புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் மாதிரி, பக்க எண்ணும் போய்விடும். காரை–கொளக்காநத்தம் பகுதியைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சாத்தனூரும் திருவக்கரையும் அதே பட்டியலில் உள்ளவை. இப்படிப்பட்ட இடங்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2022 இறுதியில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவையும் வெளியிட்டது. அந்த மசோதா இருக்கட்டும், நம் பிள்ளைகளுக்கு நாமே ஒரு சட்டம் போடலாமே.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கல்மரக் காடு ஒன்று உண்டு. 1906இலேயே பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். அப்படியும் வருபவர்கள் பையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போவது நிற்கவில்லை. சிலர் பல ஆண்டு கழித்து மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று தெரியாததால் அந்தக் கற்களைத் திரும்ப அங்கே வைக்க முடிவதில்லை. தனியே ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலில் நம் கல்லும் சேரவேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கக்கூடாது. அதனால் வேறு வேலை கொடுப்போம். கல்லைப் பார்த்தால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுக்கட்டும். நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. அதை வைத்துக் கல்லின் அளவைக் கணக்குப் போடலாம். செல்போனிலேயே இடக்குறியும் பதிவாகும். யார் அதிக வகை காண்கிறார்களோ அவர்களுக்கு நான் புத்தகப் பரிசு தருகிறேன்.

இன்னொன்று. உருண்டையாக ஏதாவது கண்டால் உடனே "டைனோசர் முட்டை" என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தபோது அப்படித்தான் செய்தி பறந்தது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, கடல் படிவக் கற்கள் என்றார்கள். படத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

பயணத் திட்டம் இதுதான்.

முதல் நாள் காலை 5 மணிக்குச் சத்திரம் கூட்டு ரோட்டில் வேன் நிற்கும். வாலாஜாபாத், செங்கல்பட்டு, திண்டிவனம், மயிலம் வழியாகத் திருவக்கரை. அங்கே கல்மரப் பூங்கா, பிறகு சந்திரமௌலீஸ்வரரையும் வக்கிரகாளியையும் தரிசனம். அங்குள்ள மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டு வயதுடையவை, அதாவது காரையைவிட மிக இளையவை. வேர், கிளை இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதைக் கவனியுங்கள். வளர்ந்த இடத்தில் விழுந்தவை அல்ல, வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்தவை. மாலை பெரம்பலூர் போய்த் தங்கல்.

இரண்டாம் நாள் காலை 6 மணிக்கெல்லாம் காரையில் இருக்கவேண்டும். நிழல் என்று ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. 9 மணிக்கு மேல் வயதானவர்களால் நிற்க முடியாது. தொப்பி, தலைக்குத் துண்டு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், பிடிப்புள்ள ஷூ அவசியம். முதல் நாள் மழை பெய்திருந்தால் காரைக்குள் இறங்குவதை விட்டுவிடுவோம். அந்தக் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும், சரிவிலும் வழுக்கும். மேட்டு விளிம்பில் குழந்தைகளை ஓடவிடாதீர்கள். ஓரம் உதிரும் மண்.

பிறகு சாத்தனூர் கல்மரம். போகும் வழியில் கருடமங்கலம் பக்கத்துச் சிப்பிக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். முழுக்க முழுக்கச் சிப்பியும் சங்கும் அடைந்த சுண்ணக்கல் அது. வெள்ளைக்காரர் காலத்தில் அதை மெருகேற்றி மேசைப் பலகையும் அலங்காரப் பொருளும் செய்தார்கள். "திருச்சி மார்பிள்" என்று பெயர். அங்கிருந்து அரியலூர் தாண்டி வாரணவாசியில் அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம். கையில் எடுக்கக்கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால், பெயரோடு பார்க்கலாம். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. நாம் போவது ஞாயிறு என்றாலும் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்வோம். நேரம் இருந்தால் கங்கைகொண்ட சோழபுரம். ஐந்து நிமிடம் முன்பு கட்டிய கோயில்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது பயணத்துக்கு வராதவர்களுக்கும்தான்.

உங்களில் ஜேசிபி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கட்டட மேஸ்திரி, சைட் இன்ஜினியர், போர்வெல் லாரி வைத்திருப்பவர், லேஅவுட் போடுபவர் என்று நம் சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தினமும் மண்ணைத் தோண்டுகிறவர்கள் எத்தனையோ பேர். காரையில் எடுக்காதே என்று சொன்ன நானே உங்களிடம் எதிர்மாறாகச் சொல்கிறேன். காரையில் விட்டுவைத்தால் கல் அங்கேயே இருக்கும், நாளை வருபவர் பார்ப்பார். அஸ்திவாரக் குழியில் விட்டுவைத்தால் மறுநாளே கான்கிரீட் விழுந்து மூடிவிடும். அதனால் குழியில் தட்டுத் தட்டாக வெளிர் நிறக் களிப்பாறை வந்தால் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். ஒரு தட்டைப் பிரித்துப் பாருங்கள். இலை அச்சு தெரிந்தால் முதலில் குழியோடு சேர்த்துப் படம் எடுங்கள். இடம், தேதி, எத்தனை அடி ஆழம் என்று ஒரு தாளில் எழுதி, கல்லோடு வைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு எனக்குத் தகவல் கொடுங்கள். கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகம் இருக்கிறது, எழும்பூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எழுதிக் கேட்டு, உரிய இடத்தில் சேர்ப்பது என் வேலை. ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அந்தக் கிணற்றுக் கல்லைக் கொண்டுவந்த பையன் இப்போது இரண்டு மண் அள்ளும் வண்டிக்குச் சொந்தக்காரர். இந்தப் பதிவை அவரும் படிப்பார். முதல் கல் அவரிடமிருந்தே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

பயணத்துக்கு வருபவர்கள் பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை என்று போகிக்குள் கமெண்டில் பதிவு செய்யுங்கள். சைவம், அசைவம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்